உப்புக் காற்றும் ஒரு வீடியோ கேசட்டும்



இம்மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "நீதான் ஹிஸ்டரி ஆளாச்சே, சோழர் காலத்தைப் பத்தி ஏதாவது எழுதிக் குடுடா" என்றார். சோழர்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் கல்லூரியில் நிறையப் பேர் உண்டு. கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போன அவர்களுக்கு அவசரமும் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஆயிரம் ஆண்டு தாண்டி நிற்கிறது. நான் எழுதப்போவது முப்பது ஆண்டு தாங்குவதற்கே திணறுகிற ஒரு பொருளைப் பற்றி. உங்கள் வீட்டுப் பரண் மேல் பழைய சூட்கேசுக்குள் அது இப்போதும் கிடக்கலாம். வீடியோ கேசட்!

கோடியக்கரை முகாம்

என் வகுப்புத் தோழர்களுக்கு 1989 ஜனவரி நினைவிருக்கும். பொங்கல் கழிந்து நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகக் கோடியக்கரை போனோம். அப்போது அது தஞ்சாவூர் மாவட்டம். 1991 அக்டோபரில்தான் நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. திருத்துறைப்பூண்டியில் மீட்டர் கேஜ் ரயிலில் ஏறி, உப்பளங்களுக்கு நடுவே ஆடி அசைந்து அகஸ்தியம்பள்ளியில் இறங்கினோம். அங்கிருந்து பஸ். 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய மண் இதுதான் என்று வாத்தியார் சொல்ல, நாங்களும் ஆளுக்கொரு கை உப்பை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டோம்.

அந்த முகாமுக்கு ஒரு விசேஷம் இருந்தது. எங்களோடு படித்த தோப்புத்துறைத் தோழன், சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தன் மச்சானின் வீடியோ கேமராவைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்திருந்தான். தோளில் சாய்த்துப் பிடிக்கிற பெரிய கேமரா, முழு வி.எச்.எஸ். கேசட்டே உள்ளே போகும். பூநாரைக் கூட்டம், வெளிமான், இராமர் பாதம், கோடிக்குழகர் கோயில், நாங்கள் போட்ட மண் ரோடு, பொங்கிய சோறு எல்லாவற்றையும் எடுத்தான். கடைசி நாள் மாலை, கோடியக்கரையையே சொந்த ஊராகக் கொண்ட இன்னொரு தோழனின் அப்பாவைக் கடற்கரையில் உட்கார வைத்துப் பேசச் சொன்னோம். காற்றைப் பார்த்துக் கடலுக்குப் போவது எப்படி என்று அவர் சொன்னார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு குணம். அவருக்குப் பின்னால், சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று ஊரார் சொல்லும் பழைய செங்கல் கட்டடம் நின்றது.

அந்தக் கட்டடம் இன்று இல்லை. 2004 சுனாமியில் அழிந்தது. அந்தப் பெரியவரும் இல்லை. இரண்டும் ஒன்றாக இருந்த இடம் அந்தக் கேசட் மட்டும்தான். இந்தக் கட்டுரை அதைப் பிழைக்க வைத்த கதை.

டெக்கு வந்த காலம்

இன்றைய மாணவர்களுக்குச் சற்றே பின்கதை சொல்ல வேண்டும். நாடாவில் படத்தைப் பதியும் இயந்திரத்தை அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-ல் வெளியிட்டது. அது டெலிவிஷன் நிலையத்துக்கான பெரிய யந்திரம். நாடாவின் அகலமே இரண்டு அங்குலம். வீட்டுக்கு வந்த கதை ஜப்பானுடையது. 1975-ல் சோனியின் பீட்டாமாக்ஸ், 1976-ல் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். இரண்டும் மல்லுக்கட்டி, வி.எச்.எஸ். ஜெயித்தது.

நம் பக்கம்? சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ஆனால் சென்னை அலை வேதாரண்யத்துக்கு எங்கே எட்டியது? 1982-ல் இலங்கையில் ரூபவாகினி வந்த பிறகு, பனை உயரத்துக்குக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து, புள்ளி புள்ளியாக விழுந்த படத்தைப் பார்த்தோம். அதே 1982 நவம்பரில் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டி. அதையொட்டித்தான் கலர் டி.வி. நாடெங்கும் பரவியது. பின்னாலேயே வந்தது 'டெக்கு'. வி.சி.ஆர். என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை, டெக்குதான். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர்ச் சபுராளிகள் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கொண்டு வந்த டெக்குகள் முதலில் வீட்டுக் கூடத்துக்கு வந்தன. பிறகு கடைத்தெருவுக்கு வந்து வாடகைக்குப் போயின. திருவிழா ராத்திரிகளில் தெருவில் டி.வி.யை வைத்து விடிய விடிய மூன்று படம் ஓடியதை மறக்க முடியுமா?

பிறகு கல்யாண வீடியோ. மணமக்கள் முகத்தில் நெருப்பாக அடிக்கும் வீடியோ லைட்டும், நடுவில் பூ விரிந்து மாலை சுற்றும் மிக்ஸிங்கும்! சிரிக்காதீர்கள். அதுவரை நம் ஊரில் படம் பிடிக்கப்பட்டவர்கள் மந்திரிகளும் நடிகர்களும்தான். வீடியோ வந்த பிறகுதான் பந்தியில் குழம்பு ஊற்றுகிறவரும், வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிற அப்பாயியும், மேளக்காரரும் அசையும் படத்துக்குள் வந்தார்கள். அவர்கள் குரலும் வந்தது. எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாத வரலாறு இது.

நாடா எப்படிப் பேசுகிறது?

கேசட்டுக்குள் இருப்பது அரை அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் நாடா. அதன் ஒரு பக்கத்தில் காந்தத் துகளைப் பசையோடு சேர்த்துப் பூசியிருக்கும். மூன்று மணி நேரக் கேசட்டில் 250 மீட்டருக்கு மேல் நாடா உண்டு. டெக்குக்குள் அது விநாடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான் நகரும். ஆனால் சாய்த்து வைத்த ஓர் உருளை, அதில் பதித்த ஹெட்டுகளோடு, நம் நாட்டு முறையில் நிமிஷத்துக்கு 1,500 முறை சுற்றும். ஓலையில் எழுத்தாணி கீறுவதுபோல ஹெட்டுகள் நாடாவில் சாய்கோடுகளாகப் படத்தைக் கீறுகின்றன. ஒரு கோட்டின் அகலம் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. நாடாவின் மேல் ஓரத்தில் ஒலி. கீழ் ஓரத்தில், படத்தைத் தடுமாறாமல் நடத்திச் செல்லும் கட்டுப்பாட்டுத் தடம்.

இதை ஏன் விவரமாகச் சொல்கிறேன்? நாடாவின் மேல் ஓரம் சுருங்கினால் பேச்சு போகும். கீழ் ஓரம் நசுங்கினால் படம் உருளும். ஒரு விரற்கடை நாடா போனால் வாழ்க்கையில் ஏறக்குறைய ஒரு விநாடி போயிற்று. அவ்வளவுதான் கணக்கு.

மூன்று பகைவர்கள்

முதல் பகைவன் ஈரம். பசை ஈரத்தை உறிஞ்சினால் நாளடைவில் இளகிப் பிசுபிசுக்கும். நாடா ஹெட்டில் ஒட்டிக் கிறீச்சிடும். கூடவே வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கும். நம் கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானும் நனையும், ஒட்டியதையும் நனைக்கும். கருவாட்டைக் காக்கிற உப்பு கேசட்டைக் காப்பதில்லை!

இரண்டாம் பகைவன் நம் அசட்டை. கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதுவும் பதியாது. நாம் என்ன செய்தோம்? உடைத்த இடத்தில் செலோடேப் ஒட்டி, தங்கச்சி கல்யாணத்தின் மேல் ஞாயிற்றுக்கிழமைப் படத்தைப் பதிந்தோம். நாம் மட்டுமா? 1969-ல் மனிதன் நிலவில் கால் வைத்தபோது நிலவிலிருந்து நேராக வந்த படம் பதிந்த மூல நாடாக்களே, நாடாத் தட்டுப்பாட்டில் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-ல் நாசா தெரிவித்தது. ஒளிபரப்பான பிரதிகள் இருந்ததால் உலகம் தப்பித்தது. தங்கச்சி கல்யாணத்துக்குப் பிரதி ஏது?

மூன்றாம் பகைவன்தான் பெரியவன்: படிக்கும் கருவி இல்லாமை. வி.எச்.எஸ். டெக்கு செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம் 2015-லேயே, '2025-க்குள் நாடாக்களைப் பிரதி எடுக்காவிட்டால் பெரும்பாலானவை நிரந்தரமாகப் போய்விடும்' என்று கெடு வைத்தது. 2019-ல் யுனெஸ்கோவும் எச்சரிக்கை மணி அடித்தது. அந்தக் கெடுவும் வந்துவிட்டது.

கேசட்டின் வனவாசம்

முகாமுக்குப் பின் நம் கேசட் கோடியக்கரைத் தோழனிடம் இருந்தது. அவன் வீட்டில் டெக்கு கிடையாது. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் அவன் அக்கா வீட்டில் இருந்தது. ஆகவே கேசட்டும் அங்கேயே தங்கிவிட்டது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோனது. அக்கரைப்பேட்டை பட்ட பாடு உலகறியும். கிறிஸ்துமஸ் லீவுக்குப் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குக் கோடியக்கரை வந்திருந்ததால் அக்கா பிழைத்தார். வீட்டில் சுவரும் ஓர் இரும்பு பீரோவும் மிச்சம். பீரோவுக்குள் சேறு, சேற்றுக்குள் கேசட்.

என்ன செய்வது என்று யாருக்குத் தெரியும்? துணியோடு துணியாக வெயிலில் காயவைத்தார்கள். உப்புத் தண்ணீர் அப்படியே உள்ளே வற்றி, நாடாவின் ஓரங்களில் உப்பாக உறைந்தது. பிறகு பிளாஸ்டிக் பையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தார்கள். தோழனின் அப்பா 2011-ல் காலமானார். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது அந்த டிரங்குப் பெட்டி ராத்திரி முழுக்க மழையில் நின்றது.

2023-ல், திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி அகல ரயில் பாதை திறந்த செய்தி கேட்டு, பழைய நினைவில் நான் கோடியக்கரை போனேன். சாப்பிட்டு முடித்ததும் தோழன் அந்தப் பையைக் கொண்டுவந்து வைத்தான். "அப்பா பேசுனது இதுலதாண்டா இருக்கு. வேற எதுலயும் அவரு கொரல் இல்ல" என்றான்.

இந்த இடத்தில் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். "குடுடா, எங்க வீட்டு டெக்குல போட்டுப் பார்த்துடுவோம்" என்று வாங்கி வந்தவன் நான். போட்டேன். பத்து விநாடி பனிமூட்டம். பிறகு ஏதோ நரநரவென்று அரைக்கும் சத்தம். டெக்கு நாடாவைத் தின்றுவிட்டது. சுனாமிக்கும் கஜாவுக்கும் தப்பித்த கேசட்டைக் கசக்கியது என் அவசரம்.

பிழைக்க வைத்த விதம்

தஞ்சாவூரில் டி.வி. பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். கேசட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இப்புடியே டெக்குல போட்டா டெக்கும் போச்சு, டேப்பும் போச்சு. முங்குன ஆளத் தூக்குன ஒடனே ஓடச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

நம்பிக்கை கொடுத்தது அமெரிக்கச் செய்தி ஒன்று. 1986 ஜனவரி 28-ல் சாலஞ்சர் விண்கலம் வெடித்தபோது, அதன் நாடாக்கள் ஆறு வாரம் கடலடியில் உப்புத் தண்ணீரில் கிடந்தன. சுருளின் மக்னீசிய உலோகம் அரித்து நாடாவில் அப்பிக்கொண்டிருந்தது. டூசான் நகரில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் அதைப் பொறுமையாகக் கழுவிப் பிரித்துப் படித்துக் காட்டினார்கள். அந்த முயற்சியை விளக்கிய கட்டுரையை எழுதியவர்களில் பாரத் பூஷண் என்ற இந்தியரும் ஒருவர். கடலில் ஊறிய நாடா பேசும் என்றால் நம்முடையதும் பேசாதா?

பெரியவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

மூக்குக்கு முகமூடி கட்டிக்கொண்டு, திறந்த வெளியில் கேசட்டின் ஐந்து திருகாணிகளைக் கழற்றினார். பூஞ்சணம் மூச்சில் ஏறக்கூடாது. என் டெக்கு கசக்கிய நாடாவைக் கைபடாமல் விடுவித்தார். பிறகு இரண்டு சுருளையும், பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தார். தண்ணீரை மாற்றி மாற்றி, உப்பு கரையும்வரை இப்படியே. குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலேயே உப்பு உண்டு. வெயில் ஆகாது, ஹேர் டிரையர் கூடவே கூடாது. நிழலில், மெல்லிய ஃபேன் காற்றில் நாள் கணக்கில் காயவிட்டார். நனைந்த கேசட் கைக்கு வந்ததும் காயவிடாமலேயே கழுவியிருந்தால் இன்னும் சுலபம் என்றார். உப்பு உறைய விட்டதுதான் தப்பு.

காய்ந்த சுருள்களைப் புதுக் காலிக் கேசட்டின் கூட்டுக்குள் மாற்றினார். பிறகுதான் பெரிய வேலை. ஃபாஸ்ட் ஃபார்வர்டு கிடையாது. கையால், அங்குலம் அங்குலமாக, பஞ்சு விடாத துணியினூடே முழு நாடாவையும் இந்தச் சுருளிலிருந்து அந்தச் சுருளுக்கு இழுத்தார். இரண்டு நாள் ஆயிற்று. ஒட்டிக்கொண்ட இடத்தில் இழுக்காமல் நிறுத்தி, விட்டுக் கொடுக்கும்வரை காத்திருந்தார். அறுந்த இடங்களில் நேராக வெட்டி, காந்தப் பூச்சு இல்லாத மறுபக்கத்தில், இதற்கென்றே உள்ள ஒட்டு நாடாவால் ஒட்டினார். நாமெல்லாம் செலோடேப் ஒட்டுவோமே, அதன் பசை நாளாவட்டத்தில் கசிந்து ஹெட்டையே கெடுத்துவிடும்.

"அடுப்புல சுட்டா சரியாகும்ங்கிறாங்களே?" என்று நான் அரைகுறையாகக் கேள்விப்பட்டதைச் சொன்னேன். பசை இளகிய சில வகை நாடாக்களை 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலான சூட்டில், கட்டுப்படுத்திய அடுப்பில் மணிக்கணக்கில் வைப்பது உண்மைதான். ஸ்டூடியோ நாடாக்களுக்குச் செய்வார்கள். அந்தப் பலனும் சில வாரங்களுக்குத்தான். அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். "நம்ம வீட்டு அடுப்புல வச்சா கேசட்டு அப்பளமாயிடும் தம்பி" என்று முடித்துவிட்டார்.

கடைசியில், ஹெட்டைச் சுத்தம் செய்த நல்ல டெக்கை எடுத்தார். ரூபாய் நோட்டை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்த நம் காலத்து வித்தை வேண்டாம். ஹெட் முனை ஒடிந்துவிடும். டெக்கைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்ய ஆயத்தமாக வைத்துவிட்டுத்தான் பிளே பட்டனைத் தொட்டார். காரணம், இப்படிப்பட்ட நாடாவுக்கு முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகவும் இருக்கலாம். நடுவில் பதினோரு தடவை நிறுத்தி ஹெட்டைத் துடைத்தார்.

கிடைத்ததும் போனதும்

மூன்று மணி நேரத்தில் 47 நிமிஷம் படம் தேறியது. ஒலி அதிலும் பாதிதான். பூநாரைகள் வந்தன, வெளிமான்கள் வரவில்லை. மண் வெட்டும்போது நம் ஆங்கிலத் துறை ஆசிரியர் வழுக்கி விழுந்தது வந்தது. அவர் எழுந்தது வரவில்லை! மீட்டர் கேஜ் ரயில் ஐந்து விநாடி ஓடிப் பனிமூட்டத்தில் மறைந்தது.

தோழனின் அப்பா ஆறு நிமிஷம் பேசுகிறார். படம் நடுங்குகிறது, நிறம் வெளுத்திருக்கிறது. பின்னால் அந்தச் செங்கல் கட்டடம் தெளிவாகத் தெரிகிறது. வாடையைச் சொல்கிறார், கொண்டலைச் சொல்கிறார். சோழகத்துக்கு வரும்போது குரல் அறுந்து, உதடு மட்டும் அசைகிறது. கேசட் நின்றிருந்த இடம் அது. என் டெக்கு கசக்கிய இடமும் அதுவே. சோழகத்தைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்பது என்னால் போயிற்று. திரும்பி வராது.

தோழனுக்குப் போட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மறுபடி போடச் சொன்னான். மூன்றாவது தடவை, குரல் அறுந்த இடத்தில், அப்பாவின் உதட்டைப் பார்த்தபடியே அவனே மெல்லச் சொல்லத் தொடங்கினான். அவனுக்குத் தெரிந்திருந்தது. அதையும் பதிவு செய்துகொண்டேன்.

ஒரு வேண்டுகோள்

ஏட்டுச் சுவடிகளைத் தேடி, கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தார். செல்லரித்த ஏட்டைப் பார்த்து அவர் பட்ட துயரம் நாம் பாடத்தில் படித்தது. இந்தத் தலைமுறையின் செல்லரித்த ஏடு பரண் மேல் கிடக்கும் கேசட். ஏட்டுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கண் இருந்தால் படிக்கலாம். கேசட்டைப் படிக்க டெக்கு வேண்டும், அதைத் திறக்கத் தெரிந்த கை வேண்டும். இரண்டும் நாளுக்கு நாள் குறைகின்றன.

ஆகவே இன்றே பரணில் ஏறிப் பாருங்கள். கேசட்டைப் படுக்கவைக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். பத்து இருபது வருஷத்துக்கு முன்பே டி.வி.டி. போட்டுவிட்டோம் என்று இருப்பவர்கள் அந்தத் தட்டு இப்போது ஓடுகிறதா என்று பாருங்கள். வீட்டில் எழுதிய தட்டுக்கும் ஆயுள் உண்டு. பிரதி எடுத்தால் மூன்று எடுங்கள். ஒன்று வெளியூரில் இருக்கட்டும். கடலோரத்தில் எல்லாவற்றையும் ஒரே பீரோவில் வைக்கக்கூடாது என்பதை நாம் பட்டுத் தெரிந்துகொண்டோம். பிரதி எடுத்தாலும் மூலக் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மாணவர்களாகிய எங்களிடம் கேசட் இருக்கிறது. உங்களிடம் கம்ப்யூட்டரும் சுறுசுறுப்பும் இருக்கின்றன. தஞ்சைப் பெரியவர் கற்றுத் தரத் தயாராக இருக்கிறார். "ரெண்டு புள்ளைங்கள அனுப்புங்க தம்பி, எனக்கப்புறம் யாரு?" என்று அவரே கேட்டார். சந்திப்பு நாளன்று ஆளுக்கொரு கேசட் கொண்டுவந்தால், கல்லூரியில் ஒரு மேஜையும் ஒரு நல்ல டெக்கும் போட்டு இதைத் தொடங்கிவிடலாம். ஆண்டு விழா, விளையாட்டு விழா, மறைந்துபோன நம் ஆசிரியர்களின் குரல் எங்கெங்கோ யார் யார் வீட்டிலோ இருக்கிறது.

அந்த 47 நிமிஷத்தைச் சந்திப்பன்று மாலை போட்டுக் காட்டுகிறேன். யார் யார் முகம் அதில் இருக்கிறது என்று இப்போது சொல்லமாட்டேன். வந்து பாருங்கள்.